போரில் மறைந்தோரும் வீட்டில் காத்திருந்தோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஓர் இலக்கியச் சொற்பொழிவு இருக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கப்படியே செயலாளர் அவர்கள் எனக்குப் 'புறநானூற்றில் வீரம்' என்னும் தலைப்பைத் தந்தார்கள். நானும் ஒப்புக்கொண்டு ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். ஆனால் எண்ணம் வேறு பக்கம் ஓடிற்று. புறநானூற்று வீரரைப் பற்றி என்னைக் காட்டிலும் கற்றறிந்தோர் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றீர்கள். நம் வீடுகளிலிருந்து போருக்குச் சென்றவர்களைப் பற்றியோ எவரும் பேசுவதில்லை. ஆகவே செயலாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்கிறேன்.

தில்லியில் வாழும் நமக்கு இந்தியா கேட் என்பது பனிக்கூழ் தின்னும் இடம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினாருக்கும் பிர்லா மந்திருக்கும் இடையே அதையும் ஒரு நடை காட்டிவிட்டு வருகிறோம். 1921-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1931-இல் திறக்கப்பெற்ற அந்த வளைவு, முதல் உலகப் போரிலும் அதனை அடுத்த ஆப்கானியப் போரிலும் மாண்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர்களுக்காக எழுப்பப்பட்டது. அதன் கற்களில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கழுத்தை நிமிர்த்தி அவற்றுள் ஒரு வரியையேனும் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் பல ஆண்டுகள் படித்ததில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு அருகிலேயே 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பெற்றது. 1947-க்குப் பின்னர் நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கு உரியது அது. தியாகச் சக்கரம் எனப்படும் வட்டச் சுவர்களில், ஒரு கல்லுக்கு ஒரு பெயராக, இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1972 முதல் இந்தியா கேட்டின் கீழ் எரிந்துகொண்டிருந்த அணையாச் சுடரும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நேரம் வாய்க்கும்போது குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். இந்தி எழுத்தை எழுத்துக் கூட்டியேனும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், முருகன் என்றும் அந்தோணி என்றும் பெயர்களைக் கண்டு வியப்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இறந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் பழந்தமிழ் எழுத்திலேயே பெயர் தாங்கி நிற்கின்றன. எங்கள் வடார்க்காட்டுப் பக்கத்தில் செங்கத்தைச் சுற்றிலும் இத்தகைய கற்கள் மிகுதி. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை நீங்கள் அறிந்திருக்கலாம். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காத்து நின்று மாண்டான். அவனுடைய நாயும் கள்ளர் இருவரைக் கடித்தது. கல்லை நட்டவர்கள் வீரனுடைய பெயரோடு அந்த நாயின் பெயரையும் மறவாமல் எழுதி வைத்தார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் உலகப் போரில் ஈராக்கில் மடிந்தவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. வெள்ளையர் என்றால் சாதாரணச் சிப்பாயின் பெயரும் அதில் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் உண்டு. மற்றவர்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கை. இத்தனாம் படையில் இத்தனை பேர், அவ்வளவுதான். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு, நாற்பத்தையாயிரம் முதல் ஐம்பத்து நாலாயிரம் பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேராவது, ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்கூட, பெயரளவிலும் நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அவர்களுள் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் அடங்குவர். மலையடிவாரத்து எருமைக்காரர்கள் நாயின் பெயரை எழுதினார்கள். உலகாண்ட பேரரசுக்கோ தனக்காக மாண்ட சிப்பாயின் பெயரை எழுத மனமில்லாமல் போயிற்று.

தென்னாட்டாருக்குப் போர்க்குணம் குறைவு என்று அன்றைய ஆட்சியாளர் ஒரு கொள்கையே வகுத்து வைத்திருந்தார்கள். 1758-ஆம் ஆண்டிலிருந்து வரலாறு சொல்லும் மதராஸ் படைப்பிரிவை 1920-களில் படிப்படியாகக் கலைத்தார்கள். ஜப்பானியர் பர்மாவின் வாயிலுக்கு வந்த காலத்தில் அவசரம் அவசரமாக மறுபடியும் எழுப்பினார்கள். போர்க்குணம் அத்தனை விரைவில் எங்கிருந்து முளைத்தது என்று அவர்களைக் கேட்பாரில்லை. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காத் துறைமுகத்தில் இறக்கப்பட்டுத் தோல்வியைச் சந்தித்தது. அந்தத் தோல்விக்கும் திட்டமிட்ட தளபதிகளைவிடத் தென்னாட்டுச் சிப்பாய்களே பழி சுமந்தார்கள். அதே தென்னாட்டைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவர், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் வெடிக்கப் போகும் கண்ணியின்மேல் தம் உடலையே போர்த்து உடனிருந்தவர்களைக் காத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படையினரை இராணுவத்தார் அனைவரும் 'தம்பி' என்ற தமிழ்ச் சொல்லாலேயே இன்றும் அழைக்கிறார்கள். பஞ்சாபிய அதிகாரியும் தம்பி என்றுதான் சொல்வார்.

இரண்டாம் உலகப் போரில் இருபத்தைந்து லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். ஏறத்தாழ எண்பத்தேழாயிரம் பேர் திரும்பவில்லை. அதே காலத்தில், எதிர்ப்பக்கத்தில், நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ் இளைஞர்களும் பெண்களும் நின்றார்கள். அவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் எழுப்பத் தொடங்கிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் இந்த மாலை போதாது. அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக் கைதிகளுக்கு ஆளுக்கொரு கல்லறை உண்டு. நம்மவர்களுக்கு இல்லை.

நம் காலனிகளின் கதைக்கு வருகிறேன். 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். வரிசை வரிசையாக மஞ்சள் சுவர்கொண்ட குடியிருப்புகள். பாதி வீடுகளில் தமிழர், மீதியில் பஞ்சாபியரும் வங்காளியரும். எல்லையில் ஜவான்கள் குளிருக்கு ஏற்ற உடையின்றி நிற்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மறுநாளே காலனிப் பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் அம்மா அதுவரை பின்னல் ஊசியைத் தொட்டதில்லை, பூத்தொடுப்பதுதான் தெரியும். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். ஒரு கை நீளமும் மற்றொரு கை குட்டையுமாக ஒரு ஸ்வெட்டர் உருவாயிற்று. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, பிரித்து மறுபடி பின்னினாள். அந்த ஸ்வெட்டரை யார் அணிந்தார், அணிந்தவர் திரும்பினாரா என்று அவள் கடைசிவரை நினைத்துப் பார்ப்பதுண்டு. பாதுகாப்பு நிதிக்கு ஒற்றை வளையலைக் கழற்றிக் கொடுத்ததை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை. 1971 டிசம்பரில் சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு இருட்டில் வானொலி கேட்ட இரவுகள் இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இத்தகைய காலனி வீடுகளிலிருந்து படைக்குச் சென்ற பிள்ளைகளும் உண்டு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946-இல் பம்பாயில் பிறந்தவர். நம்மைப்போல் வெளியூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. அமைதிப் படையோடு இலங்கை சென்று 1987 நவம்பர் 25-ஆம் நாள் யாழ்ப்பாணப் பகுதியில் மாண்டார். பரமவீர சக்கரம் பெற்றார். அந்தப் போரைப் பற்றி நம்மிடையே ஒரே கருத்து இல்லை என்பதை அறிவேன். தமிழ் பேசிய மண்ணில் தமிழன் ஒருவன் சுடப்பட்டு வீழ்ந்ததைப் பேச நமக்கு நா எழுவதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் போரில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊரில் எவரும் அதிகம் நினைப்பதில்லை. போர் சரியா தவறா என்பது வேறு வழக்கு. போனவனுடைய தாய்க்கு அந்த வழக்கின் தீர்ப்பால் ஆவது ஒன்றுமில்லை. கார்கில் போரில் 1999 மே 29-ஆம் நாள் படாலிக் மலைமுகட்டில் வீழ்ந்த திருச்சிராப்பள்ளி மேஜர் சரவணனின் உடல் வீடு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு மாதத்தை அவ்வீட்டார் எவ்வாறு கழித்திருப்பார்கள்!

காத்திருத்தல் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லவே உண்மையில் இன்று மேடை ஏறினேன்.

என் தந்தையின் மூத்த சகோதரி. எங்களுக்குப் பெரிய அத்தை. வேலூருக்குத் தெற்கேயுள்ள சிற்றூர். கம்மவான்பேட்டையைப்போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள பக்கம். மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் மாமா படையில் சேர்ந்தார். சரக்கு வண்டி ஓட்டும் பிரிவு. பர்மா எல்லைக்குப் போனார். சில கடிதங்கள் வந்தன; பிறகு வரவில்லை. போர் முடிந்து ஊர்க்காரர்கள் டிரங்குப் பெட்டியோடு ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். மாமா வரவில்லை. காணாமற் போனவர், இறந்ததாகக் கொள்ளப்பட்டவர் என்று ஒரு காகிதம் வந்தது. அதில் கைநாட்டு வைத்தால் ஓய்வூதியம் கிடைக்கும் என்றார்கள். அத்தை வைக்க மறுத்தாள்.

மாமியார் வீட்டார் சடங்கு செய்ய வேண்டும் என்றார்கள். பொட்டை அழிக்க வேண்டும் என்று நான்கு கிழவிகள் கூடி வந்தார்கள். அத்தை அன்றிரவே நடந்து தாய்வீடு வந்து சேர்ந்தாள். எருமை வளர்த்தாள், பீடி சுற்றினாள், யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை. ஆடி அமாவாசைப் படையலின்போது முன்னோருக்கு வரிசையாக இலை போடுவார்கள் அல்லவா? ஒருமுறை என் பாட்டனார் மருமகனுக்கும் சேர்த்து ஓர் இலை போட்டுவிட்டார். அத்தை ஒன்றும் பேசாமல் வந்து அந்த இலையை எடுத்து எருமைக்குப் போட்டாள். அதன்பின் எவரும் துணியவில்லை. நெற்றியில் குங்குமம் கடைசிவரை இருந்தது.

சிறுவயதில் நான் இதைப் பேதைமை என்று எண்ணினேன். நகரத்தில் படித்தவன் அல்லவா!

1972-ஆம் ஆண்டு கோடையில் அத்தை முதன்முறையாகத் தில்லிக்கு வந்தாள். புதிதாக ஏற்றிய சுடரைக் காட்டலாம் என்று ஒரு மாலை இந்தியா கேட்டுக்கு அழைத்துச் சென்றேன். தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"மேலே இன்னா எழுதியிருக்குது கண்ணு?"

"பட்டாளத்துக்குப் போய்ச் செத்தவங்க பேரு அத்தை."

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "நீ எல்லாப் பேரையும் படிச்சிட்டியா?"

"எப்படிப் படிக்கிறது? எட்டாத உயரம். ஆயிரக்கணக்கா இருக்குது."

"அப்போ அவர் பேரு இருக்குதுன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது அத்தை."

"அது போதும்" என்று புல்தரையில் உட்கார்ந்துகொண்டாள். வேர்க்கடலை வாங்கித் தரச் சொன்னாள். அது முதல் உலகப் போருக்கு உரிய சின்னம், மாமாவின் பெயர் அங்கே இருக்க வழியே இல்லை என்பது அன்று எனக்கும் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் ஆறுதலாக இருந்திருக்குமோ, என்னவோ.

1989-இல் அத்தை மறைந்தாள். பல ஆண்டுகள் கழித்து, போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் கணிப்பொறியில் எவரும் தேடிப் பார்க்கும்படி வந்துவிட்டன என்று அறிந்து, என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேட உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் நம் பெயர்களை எத்தனை விதமாகச் சிதைத்து எழுதியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறேழு விதமாக எழுத்தை மாற்றி மாற்றித் தேடியதில், மாலையில் கிடைத்தது. பெயர், படை எண், பிரிவு, 1944-ஆம் ஆண்டின் ஒரு நாள். ரங்கூனுக்கு வடக்கே தாவுக்கியானில், கல்லறை இல்லாத ஏறத்தாழ இருபத்தேழாயிரம் பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுத் தூண்களில் அவர் பெயரும் உண்டு என்று குறித்திருந்தது. அதன் கீழே மற்றொரு வரி: இன்னாருடைய மகன், இன்ன ஊர், வடார்க்காடு, இன்னாளுடைய கணவர். அந்த 'இன்னாள்' இருந்த இடத்தில் அத்தையின் பெயர், இரண்டு எழுத்துப் பிழைகளோடு.

என் மகள் அதை உரக்கப் படித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்நாளைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். கணவனும் நால்வர் கேட்க மனைவியைப் பெயரிட்டு அழைக்கமாட்டான். 'இந்தா', 'ஏ புள்ளே' என்பதோடு சரி. அத்தை மாமாவின் பெயரை வாழ்நாளில் ஒருமுறையேனும் உச்சரித்து நான் கேட்டதில்லை. ரேஷன் அட்டைக்காகக் கேட்டபோதும், பக்கத்திலிருந்த என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அவளுடைய பெயர் அந்த ஏட்டுக்கு எப்படிச் சென்றது? நானறிந்தவரை வீட்டார் எவரும் எழுதி அனுப்பவில்லை. படையில் சேர்ந்த நாளன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் உனக்கு நெருங்கிய உறவு யார் என்று கேட்டிருப்பார். இருபது வயது இளைஞன், வரிசையில் பின்னால் ஊர்க்காரர்கள் நிற்க, தன் மனைவியின் பெயரைச் சொல்லியிருப்பான். எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிக்கொண்டிருப்பார். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. சொன்னார் என்பதே அவளுக்குத் தெரியாது.

இனி இலை போடலாமா என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. நாள் கிடைத்துவிட்டது, திதி பார்க்கலாம் என்றார் ஒருவர். அவள் எடுத்தெறிந்த இலையை நாம் போடலாகாது என்றாள் என் தங்கை. இரு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில், ஆடி அமாவாசையன்று இருவருக்கும் சேர்த்து ஒரே இலையாகப் போட்டோம். அவள் ஏற்றுக்கொண்டிருப்பாளா என்பதை நான் இன்றும் துணிந்து சொல்ல இயலாது.

பெரியோர்களே, நேரம் ஆகிவிட்டது. குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். வாயிலருகே மேசைமேல் செயலாளரின் இசைவோடு ஒரு பெரிய குறிப்பேடு வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் எந்தப் போரிலாயினும், எந்தப் பக்கத்திலாயினும் சென்றவர் இருப்பின், திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், பெயரையும் ஊரையும் அதில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்ன பெயரானால், அவர் சொன்ன ஒலிப்பிலேயே தமிழில் எழுதுங்கள். வீட்டில் யார் காத்திருந்தார் என்பதற்கும் ஒரு பத்தி கோடிட்டு வைத்திருக்கிறேன். ஏடு நம் சங்க நூலகத்தில் இருக்கும்.

முதல் வரியை நானே எழுதிவிட்டேன். அத்தை சொல்லாத பெயரை மேடையில் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பெயரையும் எழுத்துப் பிழையின்றி எழுதியிருக்கிறேன்.